குடியை விட்டவர் கூடும் இடம்

மதுவின் கேட்டைப் பற்றிச் சங்க இதழ்களில் எழுதாதவர் இல்லை. குடிப்பவர் அவற்றைப் படிப்பதில்லை. படித்தாலும் அவருக்குத் தெரியாத செய்தி அவற்றில் ஒன்றுமில்லை. ஆதலால் நாம் எழுதப் புகுவது வேறு. விட வேண்டுமென்று ஒருவர் மனம் கொண்ட பின் எங்கே செல்வது, யாருடன் அமர்வது? மும்பையில் குடியேறிய நம்மவர்க்கு இது பெரிய கேள்வி. ஊரிலென்றால் தாய்மாமன் அதட்டுவார். பெரியவர்கள் கோயிலில் சத்தியம் வாங்குவர். இங்கே சுவருக்கு அப்பால் இருப்பவரின் மொழியே வேறு.

நம்முடன் பணிபுரியும் நண்பர் ஒருவர், நெல்லைச் சீமையார். சம்பளம் வங்கிக்கு வரும் நாளில் அவர் மனைவியார் ஏ.டி.எம். அட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பது வழக்கம். ஒரு மாலை அந்த அம்மையார் நம் வீட்டு வாயிலில் வந்து நின்றார். “தம்பி, விட்டுவிட வேண்டும் என்று நேற்றிரவு அவரே சொன்னார். எங்கே அழைத்துப் போவது என்று மட்டும் சொல்லுங்கள்” என்றார். நமக்கு விடை தெரியவில்லை. அவர் வராத நாள்களில் அவர் வேலையையும் சேர்த்துப் பார்த்து, மேலதிகாரியிடம் காய்ச்சல் என்று சொல்லி வந்தோமே, அதைத்தான் அதுகாறும் உதவி என்று எண்ணியிருந்தோம்.

அடுத்து நாம் செய்தது அதனினும் பெரும் பிழை. “நாளை முதலே நிறுத்திவிடுங்கள்” என்று ஊக்கினோம். அவரும் நிறுத்தினார். மூன்றாம் நாள் கை நடுங்கிற்று. சுவரில் இல்லாத பூச்சிகளைக் கண்டு அலறினார். மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தக் கலக்கமும் வரக்கூடும் என்பதையும், அது உயிருக்கே இடராகலாம் என்பதையும் அங்கேதான் அறிந்தோம். ஆகவே முதலில் மருத்துவர், பிறகே குழு. கணவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கச் சொல்லி யாரேனும் மருந்து விற்றால் வாங்க வேண்டா. அத்தகைய மருந்தின்மேல் அறியாது குடித்தவர் இறந்துபோவதும் உண்டு.

குழு என்பது ஏ.ஏ. என வழங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பங்கு வணிகரான பில் வில்சனும் மருத்துவரான பாப் ஸ்மித்தும் தொடங்கியது. இருவருமே குடியில் வீழ்ந்து எழுந்தவர்கள். கட்டணம் இல்லை. குடியை விட விரும்புவது ஒன்றே அங்கே சேரத் தகுதி. 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, முற்றிலும் குடியாதிருக்கச் செய்வதில் இம்முறை மற்றைய சிகிச்சைகளுக்குக் குறைந்ததன்று, சில வகையில் மேம்பட்டது என்று கூறுகிறது.

ஆயினும் எல்லாக் குழுவும் எல்லார்க்கும் பொருந்தா. நண்பர் முதலிற் சென்றது ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டம். தேநீர் அருந்தித் திரும்பினார். “நல்ல மனிதர்கள்தாம், ஆனால் என் கதையை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வராது” என்றார். தமிழ்க் கூட்டம் ஒன்றைத் தேடிக் கண்டோம். அங்கே செல்லவோ அவருக்கு அச்சம். தமிழர் கூடுமிடத்தில் தெரிந்தவர் இருப்பாரே! இருந்தார். அவர் குடியிருக்கும் கட்டடத்தவர் ஒருவர், ஒன்பது ஆண்டுகளாகக் குடியாதவர், முன்வரிசையில் அமர்ந்திருந்தாராம். அந்த ஒன்பது ஆண்டுகளில் அவரைப் பற்றி ஒரு சொல்லும் வெளியே வந்ததில்லை என்பதை எண்ணியபோதுதான் நண்பரின் அச்சம் தெளிந்தது. அவர் பெயரை நண்பர் நமக்கும் சொல்லவில்லை.

மற்றொரு தடையும் இருந்தது. ஏ.ஏ. வகுத்த பன்னிரண்டு படிகளில் கடவுள் பேச்சு வருகிறது. நண்பரோ பகுத்தறிவுக் கொள்கையினர். “இந்தக் குழுவையே உம்மினும் பெரிய ஆற்றலாகக் கொள்ளும்” என்றார்களாம் மூத்தவர்கள். அதற்கு அவர் உடன்பட்டார். உடன்படாதவர்க்கு மருத்துவமனைகளை ஒட்டி நடக்கும் குழுக்கள் உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையும், புணேயில் 1986இல் தோன்றிய முக்தாங்கணும் நெடுங்காலமாக இப்பணியைச் செய்து வருவன. 14446 என்ற அரசின் போதை மீட்பு எண்ணில் வழி கேட்கலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம்.

ஒரு கூட்டத்துக்குச் சென்று பிடிக்கவில்லையென்று விட்டுவிடலாகாது. நான்கைந்து குழுக்களையேனும் பார்க்க வேண்டும். பேசியே ஆக வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. திறந்த கூட்டங்களுக்கு உறவினரும் நண்பரும் செல்லலாம். அத்தகைய ஒன்றில் நாமும் பின்வரிசையில் அமர்ந்திருந்தோம். குடும்பத்தாருக்கென்றே 1951இல் வில்சனின் மனைவி லோயிஸும் அவர் தோழியும் தொடங்கிய அல்-அனான் தனியே இயங்குகிறது. நண்பரின் மனைவியார் முதலில் மறுத்தார். “குடித்தவர் அவர், நான் ஏன் போக வேண்டும்?” என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். பிறகு ஒருநாள் தாமே சென்றார்.

தீபாவளியன்று நண்பர் தவறினார். மறுநாளே கூட்டத்திற்குச் சென்று அதைச் சொன்னார், ஒருவரும் கடிந்துகொள்ளவில்லையாம். அதன்பின் ஏழு மாதங்கள் ஆகின்றன. ஏ.டி.எம். அட்டை அரிசிப் பானையில் இல்லை. மனைவியாரின் கைப்பையில் இருக்கிறது, அவர் சம்மதத்துடன். வியாழன்தோறும் மணி அடித்ததும் புறப்பட்டுவிடுகிறார். எஞ்சிய கோப்பை நாம் முடித்து வைக்கிறோம். மேலதிகாரி கேட்டால், கூட்டத்துக்குப் போயிருக்கிறார் என்று உண்மையையே சொல்கிறோம். தமிழ்ச் சங்கக் கூட்டம் என்று அவர் எண்ணிக்கொள்கிறார் போலும்.