17 சென்டிமீட்டர் சமாசாரம்

நீலகிரியின் எமரால்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டில் ஓர் அறையை ஸ்டூடியோ ஆக்கியிருக்கிறாராம். உறவுக்காரர்கள் கூடிப் பாடும் படுகப் பாட்டைப் பதிய வேண்டும். அவலாஞ்சிச் சோலை ஓரத்துப் பறவைகளின் விடியற்காலைக் கச்சேரியையும் ஸ்டீரியோவில் பிடிக்க வேண்டும். கையில் காசு குறைவு. ‘மேட்ச்டு பேர்’ என்று சோடி சேர்த்து விற்கிற மைக்குகளைத்தான் வாங்க வேண்டுமா என்பது கேள்வி.

வேண்டியதில்லை. ஒரே மாடலில் இரண்டு வாங்கினால் போதும். ஒலி முழுக்க ஒரு பக்கம் ஒதுங்கிக் கேட்க இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே சுமார் 15 டெசிபெல் வித்தியாசம் வேண்டும். மலிவு மைக்குகள் இரண்டுக்குள் ஒரு டெசிபெல் ஏற்றத்தாழ்வு இருந்தால் கெயின் குமிழைச் சற்றுத் திருப்பினால் சரியாகிவிடும். சந்தேகம் இருந்தால் வாங்கின அன்றே சோதித்துவிடலாம். இரண்டு மைக்கையும் தலையோடு தலை ஒட்டி நிறுத்தி, எதிரே ஒரு மீட்டர் தள்ளி நின்று பேசிப் பதியுங்கள். மென்பொருளில் இரண்டின் சத்தத்தையும் சமமாக்கி, ஒரு பதிவை மட்டும் தலைகீழாக்கி (‘இன்வெர்ட்’ பொத்தான் பெரும்பாலானவற்றில் உண்டு) இரண்டையும் ஒன்றாக ஓட்டுங்கள். உங்கள் குரல் ஏறக்குறைய காணாமல் போனால் சோடி நல்ல சோடி. உச்ச ஸ்வரம் மட்டும் ‘ஸ்ஸ்’ என்று கொஞ்சம் மிஞ்சினால் அது மைக்குகள் இம்மி விலகி நின்றதாலும் இருக்கலாம்; குரலே தெளிவாக மிஞ்சினால் கடைக்காரரிடம் மாற்றிக் கேளுங்கள். பெட்டிக்குள் வரும் சான்றிதழ் அட்டையைவிட இது நம்பகமானது.

ஸ்டீரியோ இருப்பது மைக்குக்குள் இல்லை, இரண்டு மைக்குக்கு நடுவில். அந்த இடைவெளிக்கு விலையே கிடையாது. பிரெஞ்சு வானொலிக்காரர்கள் கண்டுபிடித்து, ஓஆர்டிஎஃப் என்று அவர்கள் நிறுவனப் பெயரிலேயே நிலைத்துவிட்ட முறையில், ஒரு பக்கம் மட்டும் நன்றாகக் கேட்கிற இரண்டு கார்டியாய்டு மைக்குகளை 17 சென்டிமீட்டர் இடைவெளியில், ஒன்றுக்கொன்று 110 டிகிரி விலக்கி வைப்பார்கள். ஸ்கூல் ஸ்கேல் ஒன்றும் அதற்கு மேல் ஒரு விரல்கடையும். பத்து டிகிரிக் குளிரில் ஒலி நொடிக்கு 337 மீட்டர் ஓடும். உங்கள் மலையில் 2000 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருக்கிறதே என்று கேட்காதீர்கள். வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பம்தான், உயரம் இல்லை. நேர் பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி அந்த 17 சென்டிமீட்டரைக் கடக்க அரை மில்லிநொடி. 48 கிலோஹெர்ட்ஸில் பதிகிற கருவிக்கு அது வெறும் 24 சாம்பிள். இந்த 24 சாம்பிளை வைத்துக்கொண்டு மூளை ஒரு காட்டையே விரித்துப் போடுகிறது. நம் காது இதில் ஐம்பதில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூடக் கண்டுபிடிக்கும்.

எஸ்டேட் லைன் வீடுகளில் ஊர்ப்பேச்சு பரவுகிற விதம்தான் இது. முதல் வீட்டு அக்காவும் கடைசி வீட்டுச் சித்தியும் ஒரே செய்தியை நடுவீட்டுப் பாட்டியிடம் வந்து சொல்கிறார்கள். யார் முன்னால் வந்தார், யார் சத்தமாகச் சொன்னார் என்ற இரண்டை வைத்தே, பேச்சு எந்தக் கோடியில் கிளம்பியது என்று பாட்டி சொல்லிவிடுவார். ஆனால் பேச்சு ஒரு நாளைக்கு நாலு முறை புதிதாகக் கிளம்பினால்? அக்கா சொல்வது காலைச் செய்தியா, சித்தி சொல்வது மத்தியானத்துச் செய்தியா என்று பாட்டி குழம்பிப் போவார். உச்சஸ்தாயி ஒலியில் இதுவே நடக்கிறது. 2000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை அரை மில்லிநொடியில் முடிந்து அடுத்தது வந்துவிடுகிறது. எது முந்தியது என்று கேட்பதற்கே பொருளில்லை. அப்போது பாட்டி நேரத்தைக் கைவிட்டு, யார் குரல் ஓங்கியிருக்கிறது என்பதை மட்டும் பார்க்கிறார். நடுவில் ஒரு கெட்டிச்சுவர் இருந்தால் வேலை இன்னும் சுலபம். நமக்கு அந்தச் சுவர் தலை. மைக்குகளுக்குத் தலை இல்லாததால்தான் வெளிப்பக்கம் திருப்பி வைக்கிறோம். சரி, அக்காவும் சித்தியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தால்? இருவரும் ஒரே நொடியில் சொல்வார்கள், சத்தம் மட்டுமே துப்பு. இரண்டு மைக்கின் முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் எக்ஸ்ஒய் முறை அது. கையடக்க ரெக்கார்டர்கள் பலவற்றில் இருப்பது இதுதான். சோலையின் அகலம் கொஞ்சம் சுருங்கித்தான் கேட்கும்.

சுருங்கினாலும் அதற்கு ஒரு நியாயம் உண்டு. உங்கள் உறவினர்கள் அந்தப் பாட்டை எதில் கேட்கப் போகிறார்கள்? ஒற்றை ஸ்பீக்கர் ப்ளூடூத் பெட்டியில். அது இரண்டு சேனலையும் கூட்டிவிடும். நடுவிலிருந்து 30 டிகிரி தள்ளி நிற்கிற பாடகரின் குரல், 17 சென்டிமீட்டர் சோடியில் கால் மில்லிநொடி முன்பின்னாகப் பதிந்திருக்கும். கூட்டும்போது 2000 ஹெர்ட்ஸ் பக்கம் சுமார் 11 டெசிபெல் பள்ளம் விழும். எக்ஸ்ஒய்யில் அந்தப் பள்ளம் இல்லை. ஆகவே பாட்டுக்கு எக்ஸ்ஒய், ஹெட்போனில் கேட்கப் போகிற பறவைக்கு 17 சென்டிமீட்டர்.

வரலாறும் கொஞ்சம் சொல்லித் தொலைக்க வேண்டுமே. 1881 பாரிஸ் கண்காட்சியில் கிளெமான் அடேர் ஓபராவை இரண்டு டெலிபோன் ரிசீவர் வழியாகக் கேட்க வைத்தார். 1931இல் ஆலன் ப்ளூம்லைன் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டார். தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப்பாடல்கள் என்று பெயர் வாங்கியவை 1978இன் ‘ப்ரியா’ பாடல்கள். போதும்.

காசு உண்மையில் போக வேண்டிய இடம் இரைச்சல். ஒவ்வொரு மைக்கும் தானே ‘ஸ்...’ என்று ஒன்றை உண்டாக்கிக்கொண்டிருக்கும். அட்டையில் ‘செல்ஃப் நாய்ஸ்’ என்று இருக்கும் எண் அதுதான். சிக்னல்–நாய்ஸ் விகிதத்தை மட்டும் போட்டிருந்தால் 94இலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். ரோட் என்டி5இல் அது 16 டெசிபெல். அதே கம்பெனியின் பெரிய மைக்கான என்டி1இல் 4.5. நாலு பேர் எதிரே நின்று பாடும்போது இந்த வித்தியாசம் காதுக்கே எட்டாது. தாளம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தூரத்தில் ஒரு நீலகிரிச் சிரிப்பான் குரல் கொடுத்து அடங்கின பின் வரும் அமைதியில்தான் மைக்கின் தராதரம் தெரியும். பறவை ஆராய்ச்சிக்காரர்கள் ஒரே பறவையைக் குறிவைத்து நீளமான ஷாட்கன் மைக்கை நீட்டுவார்கள். அவர்களுக்கு ஸ்டீரியோ தேவையில்லை. உங்களுக்குச் சோலை முழுவதும் வேண்டும் என்பதால் கெயினை ஏற்றியே ஆக வேண்டும், இரைச்சலும் கூடவே ஏறும். சால்டரிங் தெரிந்தவர் என்றால் ப்ரைமோ ஈஎம்272 என்கிற சின்ன எலக்ட்ரெட் காப்ஸ்யூல் இரண்டைத் தேடிப் பாருங்கள். 14 டெசிபெல்தான் இரைச்சல். விலை முழு மைக்கின் விலையில் சிறு பங்கு. எல்லாப் பக்கமும் கேட்கிற ஜாதி என்பதால் ஓஆர்டிஎஃப் கணக்கு இதற்குச் செல்லாது. தலையளவு இடைவெளியில், நடுவில் ஒரு தடிமனான பலகையைச் சுவராக வைத்துவிடுங்கள்.

மலிவு விலையில் ‘3டி’, ‘இம்மர்சிவ்’ என்றெல்லாம் பெட்டியில் அச்சிட்டு வருவதைப் பார்த்தால் கடந்து போய்விடுங்கள். அந்தக் காசில் காற்றைத் தடுக்கும் ரோம உறை வாங்கலாம். அவலாஞ்சிக் காற்றுக்கு மைக்கோடு வரும் ஸ்பாஞ்சு காணாது. ஈரத்தையும் மறக்க வேண்டாம். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டின இடம் அது. மேலே சொன்னவற்றைப் போன்ற கண்டென்சர் மைக்கின் உள்ளே ஈரம் படிந்தால் மின்னூட்டம் கசிந்து சடசடவென்று சத்தம் வரும். பதிவு முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட மூடி இறுகின டப்பாவுக்குள் வையுங்கள். குளிரில் இருந்த மைக்கை அடுப்பு எரிகிற அறைக்குள் கொண்டுவந்ததும் டப்பாவைத் திறக்காதீர்கள், அரைமணி நேரம் உள்ளேயே கிடக்கட்டும்.