உங்களுக்குத் தெரியுமா? – வானொலி வளர்த்த சங்கீதம்

● வைகறையில் வானொலிப் பெட்டியைத் திருகியவுடன், மங்கள வாத்தியத்துக்கும் முன்னதாக எழுந்து, நாளெல்லாம் தொடரவிருக்கும் சங்கீத விருந்துக்கு முகவுரை கூறுகின்ற அகில இந்திய வானொலியின் முகப்பிசையை, சிவரஞ்சனி ராகத்தின் சாயலில் அமைத்தவர், நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி ஐரோப்பாவை நீத்துப் பம்பாயில் அடைக்கலம் புகுந்த வால்டர் காஃப்மன் என்னும் யூத வித்வான் ஆவார்.

● சென்னையில் 1924-ஆம் ஆண்டு கிருஷ்ணசாமி செட்டியார் முதலிய ஆர்வலர்கள் சங்கமாகக் கூடித் தொடங்கி, பொருள் முடையால் ஒடுங்கிப்போய், 1930-இல் நகராண்மைக் கழகத்தால் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்ட ஒலிபரப்புப் பணிக்கு வாரிசாக, 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் உதயமாயிற்று.

● கமகங்களின் வளைவையும் குழைவையும் காட்ட இயலாத வாத்தியம் என்னும் காரணத்தால், ஆர்மோனியத்துக்கு 1940 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுக் காலம் வானொலியில் பிரவேசமே அனுமதிக்கப்படவில்லை.

● 1952-இல் ஆரம்பமான தேசிய சங்கீத நிகழ்ச்சியோ, கர்நாடக சங்கீதத்தை வடநாட்டு இல்லங்களிலும், ஹிந்துஸ்தானி சங்கீதத்தைத் தென்னாட்டுத் திண்ணைகளிலும் ஒலிக்கச் செய்தது; சபாவில் சீட்டு வாங்க வசதியற்ற ரசிகரும் மகாவித்வான்களின் கச்சேரியைக் கேட்கும் பாக்கியம் பெற்றனர்.