கொள்ளைநோய்க் காலத்தில் கப்பல் விடுமுறை: யார் கையில் பாதுகாப்பு?

ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் வேளையில் உல்லாசக் கப்பல் தேவைதானா? 2020ஆம் ஆண்டின் இறுதியில் சிங்கப்பூரில் பல குடும்பங்களில் எழுந்த கேள்வி இது. எங்கள் தொலைக்காட்சி மன்றத்தில் அண்மையில் அதே கேள்வியை மீண்டும் எடுத்துப் பேசினோம். கொவிட்-19 நெருக்கடி தணிந்த பிறகு இந்தப் பேச்சு எதற்கு என்று நேயர்கள் சிலர் நினைக்கலாம். அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது வரும்போது நின்று நிதானித்து யோசிக்க நேரம் இருக்காது. ஆகவே இப்போதே யோசித்து வைப்பது நல்லது.

மன்றத்தில் இரு தரப்பு வாதங்களும் சூடாகவே இருந்தன. டிசம்பர் பள்ளி விடுமுறையில் சென்னைக்கோ திருச்சிக்கோ போய்வரும் நம் குடும்பங்களுக்கு அந்த ஆண்டு எல்லா வழியும் அடைபட்டிருந்தது. பக்கத்தில் இருக்கும் ஜோகூருக்குக்கூடப் போக முடியவில்லை. பல மாதங்கள் நான்கு சுவர்களுக்குள் இருந்த பிள்ளைகளையும் பெரியவர்களையும் மூன்று நாள் கடல் காற்று வாங்க அழைத்துச் செல்வதில் என்ன தவறு என்பது ஒரு தரப்பு. உயிர் பெரிதா, உல்லாசம் பெரிதா என்பது மறுதரப்பு. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் முடிவெடுக்கும் முன் கப்பல் என்பது எப்படிப்பட்ட இடம் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஹோட்டலில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். நடுக்கடலில் அது முடியாது. ஒரே உணவுக்கூடம், ஒரே மின்தூக்கி, ஒரே அரங்கம், ஒரே கைப்பிடி. பயணிகளில் முதியவர்களும் அதிகம். இதற்கு உலகம் கண்ட பெரிய பாடம் ‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பல். 2020 ஜனவரி 25ஆம் தேதி ஹாங்காங்கில் இறங்கிய 80 வயதுப் பயணி ஒருவருக்கு, பிப்ரவரி முதல் தேதி கிருமித்தொற்று உறுதியானது. சில நாட்களில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் கப்பல் தனிமைப்படுத்தப்பட்டது. அதிலிருந்த 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று உறுதியானது. பரிசோதித்த நேரத்தில் அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு எந்த அறிகுறியும் இல்லை.

அந்தப் பெரியவருக்குக் கப்பலில் ஏறும் முன்பே இருமல் இருந்ததாகவும், கப்பலின் மருத்துவ நிலையத்துக்கு அவர் செல்லவில்லை என்றும் பின்னர் தெரியவந்தது. அவர் மேல் பழி போடுவது நியாயமல்ல. கொவிட்-19 என்ற பெயரே பிப்ரவரி 11ஆம் தேதிதான் சூட்டப்பட்டது. சாதாரண இருமலுக்கு இத்தனை பெரிய பொருள் இருக்கும் என்று அன்று யாருக்குத் தெரியும்? ஆனால் அதற்குப் பிறகு பயணம் செய்த எவருக்கும் “தெரியாது” என்று சொல்ல இடமில்லை.

சிங்கப்பூர் இந்தப் பாடத்தைக் கவனத்தில் கொண்டது. 2020 நவம்பரில் ‘வோர்ல்ட் டிரீம்’ கப்பலும், டிசம்பரில் ‘குவாண்டம் ஆஃப் தி சீஸ்’ கப்பலும் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் திரும்பும் பயணங்களைத் தொடங்கின. சிங்கப்பூரில் வசிப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி. கொள்ளளவில் பாதிப் பேர்தான் ஏறலாம். புறப்படும் முன் கிருமிப் பரிசோதனை, கப்பலுக்குள் முகக்கவசம், பாதுகாப்பு இடைவெளி, தொடர்புகளின் தடம் அறியும் கருவி என்று விதிமுறைகள் கடுமையாக இருந்தன.

அப்படியும் டிசம்பர் 9ஆம் தேதி பரபரப்பு ஏற்பட்டது. குவாண்டம் ஆஃப் தி சீஸ் கப்பலில் 83 வயதுப் பயணி ஒருவர் வயிற்றுப்போக்கு என்று கப்பலின் மருத்துவ நிலையத்துக்குச் சென்றார். அங்கு செய்த பரிசோதனை, தொற்று இருப்பதாகக் காட்டியது. நான்கு நாள் பயணம் மூன்றாம் நாளிலேயே முடிந்து, கப்பல் மரினா பே நிலையத்துக்குத் திரும்பியது. 1,680 பயணிகள் தங்கள் அறைகளுக்குள்ளேயே காத்திருந்தார்கள். 1,148 ஊழியர்களும் கப்பலில் இருந்தனர். கரையில் மீண்டும் மீண்டும் பரிசோதித்துப் பார்த்தபோது அவருக்குத் தொற்றே இல்லை என்று தெரிந்தது.

“ஒன்றுமில்லாததற்கு இத்தனை அமளியா?” என்று அப்போது சிலர் சலித்துக்கொண்டார்கள். என் கருத்து வேறு. அன்று கப்பலில் மிகச் சரியாக நடந்துகொண்டவர் அந்த முதியவர்தான். உடம்பு சரியில்லை என்றதும் மறைக்காமல் போய்ச் சொன்னார். ஒரு நாள் விடுமுறை வீணானது உண்மைதான். ஆனால் அவருக்கு உண்மையிலேயே தொற்று இருந்திருந்தால், அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் ஆயிரக்கணக்கானோரைக் காத்திருக்கும்.

புறப்படும் முன் செய்யும் பரிசோதனை மட்டும் போதாது என்பதையும் அடுத்த ஆண்டே பார்த்தோம். 2021 ஜூலையில் வோர்ல்ட் டிரீம் கப்பலில் சென்ற 40 வயதுப் பயணி ஒருவருக்கு, ஏறும் முன் எடுத்த பரிசோதனையில் தொற்று இல்லை. கரையில் தொற்று கண்ட ஒருவருடன் அவர் நெருங்கிப் பழகியது தெரியவந்து, கப்பலிலேயே மறுபடியும் பரிசோதித்தபோது தொற்று உறுதியானது. இம்முறையும் கப்பல் முன்கூட்டியே திரும்பியது. கிருமி உடலில் புகுந்த முதல் சில நாட்களில் பரிசோதனைக்கு அது அகப்படாமல் போகலாம். ஆகவே இயந்திரம் காட்டாததை மனிதர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே நாம் மறந்துவிடும் ஒரு கூட்டம் உண்டு. அவர்கள்தான் கப்பல் ஊழியர்கள். டைமண்ட் பிரின்சஸில் பயணிகள் அறைகளுக்குள் தனிமைப்பட்டிருந்தபோது, அவர்களுக்குச் சமைத்து, வாசல்வரை உணவு கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் ஊழியர்கள். ஊழியர்களில் முதலில் தொற்று உறுதியான 20 பேரில் 15 பேர் உணவுப் பிரிவினர். அந்தக் கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். நாம் மூன்று நாளில் இறங்கிவிடுகிறோம். அடுத்த பயணத்துக்கும் அதற்கடுத்த பயணத்துக்கும் அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். நாம் மறைக்கும் காய்ச்சல் முதலில் போய்ச் சேருவது, நமக்குத் தட்டு எடுத்து வைப்பவரிடம்.

கப்பலும் நோயும் நமக்குப் புதியவை அல்ல. செயின்ட் ஜான்ஸ் தீவில் 1874ஆம் ஆண்டே நோய்த்தடுப்புத் தனிமைப்படுத்தும் நிலையம் அமைக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த நம் முன்னோர் பலர், சிங்கப்பூர் மண்ணை மிதிக்கும் முன் அந்தத் தீவில் காத்திருந்தார்கள். அவர்கள் வந்தது பிழைப்புக்காக. காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. நாம் போவது பொழுதுபோக்குக்காக. போகாமலிருக்கவும் நமக்கு வழி உண்டு. ஆகவே நம் பொறுப்பு இன்னும் கூடுகிறது.

எனவே, நோய் பரவும் காலத்தில் கப்பலுக்கு முன்பதிவு செய்யும் முன் மூன்று கேள்விகளைக் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். முதலாவது, திரும்பி வந்து நாம் தங்கப்போகும் வீட்டில் நோயைத் தாங்க முடியாத தாத்தாவோ பாட்டியோ கைக்குழந்தையோ இருக்கிறார்களா? இரண்டாவது, திட்டமிட்ட நாளில் இறங்க முடியாமல் போனால், மருந்து, வேலை, பள்ளி, காப்புறுதி ஆகியவற்றுக்கு ஏற்பாடு இருக்கிறதா? மூன்றாவது, பயணத்தின் முதல் நாளிலேயே தொண்டை கரகரத்தால், கட்டிய பணமும் பிள்ளைகளின் ஆசையும் வீணாகும் என்று தெரிந்தும், மருத்துவ நிலையத்துக்குப் போய்ச் சொல்வோமா?

முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சரியாக இல்லாவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடலாம். மூன்றாவது கேள்விக்கு “சொல்வோம்” என்று தயங்காமல் பதில் வந்தால் மட்டுமே பெட்டியைக் கட்டுங்கள். அந்தப் பதில் வராவிட்டால் வீட்டிலேயே இருங்கள். கடல் எங்கும் போய்விடாது.