மின்சாரக் கார்: விலையும் விளைவும்

மின்சாரக் கார் ஓடும்போது புகை விடுவதில்லை. ஆனால் அதன் பேட்டரியைத் தயாரிக்கும்போதே கரியமில வாயு பெருமளவு வெளியேறிவிடுகிறது. அதை ஈடுகட்ட எவ்வளவு காலமாகும் என்பது, காருக்கு ஏற்றும் மின்சாரம் எப்படி உற்பத்தியாகிறது என்பதைப் பொறுத்தது. நார்வேயில் பெரும்பாலும் நீர்மின்சாரம் என்பதால் விரைவில் ஈடாகிறது. இந்தியாவில் ஏறத்தாழ முக்கால் பங்கு மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருகிறது. அதனால் இங்கே ஈடாகக் கூடுதல் காலம் பிடிக்கும். விலையைப் பொறுத்தவரை, இந்தியாவில் மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான் என்றாலும் வாங்கும் விலை பெட்ரோல் காரைவிடப் பொதுவாக அதிகம். கிலோமீட்டருக்கான செலவு குறைவு என்பதால் நிறைய ஓட்டுவோருக்கே லாபம். பேட்டரியால் இன்னொரு விளைவும் உண்டு: சில பேட்டரிகளுக்குக் கோபால்ட் என்னும் உலோகம் தேவை. அதைப் பெருமளவில் தரும் காங்கோவின் சிறு சுரங்கங்களில் குழந்தைகளும் மண் தோண்டுவது பொறுக்க முடியாத கொடுமை. ஆனால் இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரிகளுக்குக் கோபால்ட் தேவையில்லை.