தீபா கர்மாகரின் ஒரு விநாடி

கோவில்பட்டியில் விளையாட்டு என்றால் ஹாக்கிதான். மாரீஸ்வரன் சக்திவேல் இங்கிருந்து கிளம்பி இந்திய அணிக்கே ஆடினார். ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி இங்கே பேச்சு குறைவு. ஆனாலும் களத்துமேட்டுக் கூளத்தில் குட்டிக்கரணம் போடாத கரிசல் பிள்ளை உண்டா? அதே கரணத்தை அந்தரத்தில், அடுத்தடுத்து இரண்டு முறை, ஏறத்தாழ ஒரு விநாடிக்குள் போட்டு, நின்ற நிலையில் இறங்க வேண்டும். அதுதான் ப்ரோடுனோவா. ரஷ்யாவின் யெலேனா ப்ரோடுனோவா 1999இல் செய்து காட்டிய தாண்டல் இது. கரணம் தப்பினால் மரணம் என்ற பழமொழியை அப்படியே நம்பலாம். உலகம் இதற்கு வைத்த பட்டப்பெயரே 'மரணத் தாண்டல்'. போட்டியில் இதைச் செய்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் திரிபுராவின் அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாகர்.

1993இல் பிறந்த தீபாவுக்குத் தட்டைப்பாதம். உள்ளங்காலில் இருக்கும் வளைவு ஒரு வில். ஓடும்போது அமுங்கி, நிமிர்ந்து, உடலை முன்னே தள்ளும். அந்த வில் இல்லாத பாதத்தோடு ஆறு வயதில் பயிற்சிக்கு வந்தார். பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தி பாதத்துக்கென்றே தனிப் பயிற்சிகள் கொடுத்தார். தாண்டல் கருவிக்கு வழியில்லாத காலத்தில் பழைய ஸ்கூட்டர் பாகங்களைக் கொண்டே ஒன்றைத் தயார் செய்தார்.

தாண்டலுக்கான ஓடுபாதை அதிகபட்சம் 25 மீட்டர். ஹாக்கி மைதானத்தில் கோல் கோட்டிலிருந்து 23 மீட்டர் கோடு வரை ஓடியவர்களுக்கு அந்தத் தூரம் தெரியும். அதற்குள் மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தைத் தொட வேண்டும். இந்த வேகம் முழுவதையும் மேல்நோக்கித் திருப்ப முடிந்தால் உடல் கிட்டத்தட்ட 2.9 மீட்டர் உயரும். முழுவதையும் திருப்ப முடியாது என்பதில்தான் கலையே இருக்கிறது. வில்பலகையை மிதித்து எழுந்து, 125 சென்டிமீட்டர் உயர மேசையில் கைகளை ஊன்றுகிறார். கை ஊன்றியிருப்பது கண் இமைக்கும் நேரம்தான். அதற்குள் தோளால் ஓர் உதை. முன்னோக்கிய வேகத்தில் ஒரு பங்கு உயரமாகிறது, ஒரு பங்கு சுழற்சியாகிறது.

கை மேசையை விட்ட பிறகு சுழற்சியைக் கூட்டவே முடியாது. சுழலும் பொருள் சுமந்து செல்லும் சுழற்சியின் மொத்த அளவுக்குக் கோண உந்தம் என்று பெயர். பிடித்துத் தள்ள எதுவும் இல்லாத அந்தரத்தில் அது மாறாது. மாற்றக்கூடியது உடலின் வடிவம் ஒன்றுதான். முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டால், நீட்டி நிமிர்ந்த நிலையைவிட மூன்று மடங்குக்கும் மேல் வேகமாகச் சுழலலாம். அப்படித்தான் இரண்டு கரணம் முடிகிறது. சுருளை அவிழ்க்கும் நேரம் இம்மி பிசகினாலும் கழுத்தில் போய் இறங்க வேண்டியதுதான். பின்கரணம் போடுபவருக்குத் தரை முன்னதாகவே கண்ணில் படும். முன்கரணத்தில் கடைசி நொடியில்தான் தெரியும். உட்செவி சொல்வதை நம்பிக் காலை நீட்ட வேண்டும்.

எனக்கு ஆகப் பெரிய வியப்பு இறக்கத்தில்தான். ஒன்றரை மீட்டர் விழுந்த உடல் 15 சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால், கால்கள் தாங்கும் சராசரி விசை உடல் எடையைப் போல் 11 மடங்கு. வீராங்கனையின் எடை 47 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 517 கிலோ வருகிறது: 170 கிலோ பஞ்சுப் பொதிகள் மூன்றைக் காலில் இறக்கியது மாதிரி. கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசலில் இறங்கினால் எலும்பு போகும். மழைக்கரிசல் காலைப் பிடித்துக்கொள்ளும், முழங்கால் திருகும். அதனால்தான் 20 சென்டிமீட்டர் தடிமனில் மெத்தை போடுகிறார்கள். அதற்கு மேலும் விசையைக் குறைக்க ஒரே வழி, நிற்கும் தூரத்தை நீட்டுவது. ஆழமாகக் குந்தி 50 சென்டிமீட்டரில் நின்றால் 11 மடங்கு 4 மடங்காகிவிடும்.

2016 ஆகஸ்ட் 14, ரியோ ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் தீபா அப்படித்தான் ஆழமாகக் குந்தி இறங்கினார். இயற்பியல் முழங்காலைக் காப்பாற்றியது. நடுவர்களின் விதிப்புத்தகமோ குந்துவதைக் குறை என்கிறது. மதிப்பெண் இரண்டு பகுதி: தாண்டலின் கடினத்துக்கு ஒன்று, செய்த நேர்த்திக்குப் பத்துக்கு இவ்வளவு என்று ஒன்று. ப்ரோடுனோவாவின் கடின மதிப்பு அன்று 7.0. தீபாவின் நேர்த்தி மதிப்பெண் 8.266. ஆக 15.266. முதல் தாண்டலில் 14.866. இரண்டின் சராசரி 15.066, நான்காம் இடம். வெண்கலம் வென்ற ஸ்விட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்க்ரூபர் 15.216.

இடைவெளி 0.150. சராசரி என்பதால் ஏதாவது ஒரு தாண்டலில் 0.3 கூடுதலாகக் கிடைத்திருந்தால் சமன். விதிப்புத்தகத்தில் ஒரு நடுத்தரத் தவறுக்குக் கழிக்கும் அளவே 0.3தான். மரணத் தாண்டலைத் தேர்ந்ததை வெறும் துணிச்சல் என்று பலர் எழுதினார்கள். நான் அதைக் கணக்கு என்பேன். நேர்த்தியில் விடுவதைக் கடினத்தில் பிடிக்கிற கணக்கு. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் வெண்கலத்திலும் அதே கணக்குதான்.

2017இல் முழங்கால் தசைநார் அறுவைச் சிகிச்சை. 2018இல் துருக்கியின் மெர்சினில் உலக சேலஞ்ச் கோப்பைத் தங்கம். பிறகு தடைசெய்யப்பட்ட ஹிஜெனமின் என்ற பொருள் உடலில் இருந்ததால் 21 மாதத் தடை. 2023 ஜூலையில் அது முடிந்தது. மறு ஆண்டு தாஷ்கண்டில் ஆசிய ஜிம்னாஸ்டிக்ஸ் சாம்பியன்ஷிப் தங்கம். அதை வென்ற முதல் இந்தியர் அவரே. 2024 அக்டோபரில் 31 வயதில் ஓய்வை அறிவித்தார்.

ரியோ தாண்டலின் காணொளி கிடைத்தால் கரணங்களை அப்புறம் பாருங்கள். கை மேசையில் படும் இடத்தில் நிறுத்துங்கள். மொத்தத்தையும் தீர்மானிப்பது அந்த இடம்தான்.