நெல் கொட்டிலுக்கு 9 வாட் குமிழ் எப்படிப் போதுகிறது?

கிளிநொச்சியில் அறுவடை முடிந்த இரவு. தகரக் கொட்டிலில் 9 வாட் எல்.இ.டி குமிழைப் போடுகிறீர்கள். மூட்டை தைத்த சணல் நூல்கூடத் தெரிகிறது. முன்பு இதே வெளிச்சத்துக்கு 60 வாட் குமிழ் வேண்டியிருந்தது. மீதி 51 வாட் எங்கே போனது?

பழைய குமிழைத் தொட்டிருக்கிறீர்களா? கை சுட்டுவிடும். தோசைக்கல்லைச் சிவக்கக் காய்ச்சி, அந்த வெளிச்சத்தில் படிப்பது போன்றது அது. மின்சாரத்தில் பெரும்பங்கு வெக்கையாகவே போய்விடும். போர்க்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில், மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எண்ணிப் படித்த வன்னிக்கு அந்த வீண்செலவு உறுத்தத்தான் செய்யும்.

எல்.இ.டியின் வழி வேறு. இரணைமடு வாய்க்கால் தண்ணீர் மேல் வயலிலிருந்து வரம்பு தாண்டிக் கீழ் வயலில் விழுவதை நினையுங்கள். விழும்போது 'சளசள' என்று ஓசை வருகிறதல்லவா? குமிழுக்குள் இருக்கும் சின்னப் படிகத்தில் இலத்திரன்கள் அப்படித்தான் விழுகின்றன. ஓசைக்குப் பதில் ஒளி வருகிறது, அவ்வளவுதான்.

விழும் உயரம் குறைந்தால் சிவப்பு, கூடினால் நீலம். நீலத்துக்கு நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. அதைச் சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவரும் 2014இல் நோபல் பரிசு பெற்றார்கள். வெள்ளை ஒளி வேண்டுமென்றால், நீலத்தின்மேல் ஒரு பூச்சு. அது நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக்க, இரண்டும் கலந்து வெள்ளையாகிறது.

கடையில் வாட்டை மட்டும் பார்க்காதீர்கள். வெளிச்சத்தின் அளவு லூமன்; பெட்டியில் அது எவ்வளவு என்று பாருங்கள். 800 லூமன் இருந்தால் பழைய 60 வாட்டுக்குச் சமம்.

இன்னொன்று: எல்.இ.டியின் அடிப்பாகத்துக்குச் சூடு ஆகாது. வெயிலில் கொதித்த தகரத்தோடு ஒட்டி மாட்டாமல், கொஞ்சம் தாழ்த்தித் தொங்கவிடுங்கள்.