கால் இழந்தவருக்கு மூட்டு மாற்று

முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்டவர்களுக்கும் முழங்கால் மூட்டு தேயும். மாற்று மூட்டும் பொருத்தலாம். பெரும்பாலும் தேய்வது நல்ல காலின் மூட்டுதான். செயற்கைக் கால் அணிந்தவர் தம்மை அறியாமலே உடல் பாரத்தை மறுகாலில் ஏற்றி நடக்கிறார். எடுத்த பக்கத்திலோ பாரம் குறைவதால் எலும்பு வலுவிழக்கிறது.

கால் இழப்புக்கு விபத்தும் சர்க்கரை நோய்ப் புண்ணும் முக்கியக் காரணங்கள். கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் வடசென்னையின் எண்ணூர், திருவொற்றியூர் சாலையோரங்களில் வாழ்பவர்களுக்கு முதலாவதை விளக்க வேண்டியதில்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நாளெல்லாம் நின்று பிழைப்பவருக்கு மிச்சமிருக்கும் மூட்டுதான் பிழைப்பே.

நல்ல காலில் அறுவை செய்தால், முதல் சில வாரங்கள் பாரம் செயற்கைக் காலுக்கு மாறும். எஞ்சிய காலை ஏந்தும் அதன் சாக்கெட் தளர்ந்தோ உறுத்தியோ இருந்தால் அதை முன்பே சரிசெய்துவிட வேண்டும்.

எடுத்த காலின் மூட்டையே மாற்ற நேர்வது அரிது, கடினமும் அதுதான். வழக்கமாகக் கீழ்க்கால் எலும்பை எந்தக் கோணத்தில் வெட்டுவது என்று காட்டும் கருவியைக் கணுக்காலில்தான் பூட்டுவார்கள். பாதமில்லாதவரிடம் அந்த அடையாளம் இல்லை. எலும்பின் உட்குழலில் கம்பி செலுத்தியோ எக்ஸ்ரே பார்த்தோ நேர்கோட்டை அறிய வேண்டும். மடக்கிய காலை மேசையில் ஊன்றி நிறுத்தவும் வழியில்லை. துணிச்சுருளோ உதவியாளரின் கையோ தாங்க வேண்டும். வலுவிழந்த எலும்பில் மூட்டு அசையாதிருக்க நீண்ட தண்டுள்ள பாகம் தேவைப்படலாம். எஞ்சிய எலும்பு குட்டையானால் அதற்கும் இடமிராது.

பலர் அணியும் சாக்கெட்டில் பாரத்தின் பெரும்பங்கு முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணில் இறங்குகிறது. அறுவைக் கீறல் முடிவதும் அங்கேதான். தையல் ஆறும்வரை செயற்கைக் காலைப் போட முடியாது. வீங்கி வடிந்த காலுக்குப் பழைய சாக்கெட் பெரும்பாலும் பொருந்தாது. புதிதாக வார்க்க வேண்டும். இதற்கிடையே முழங்கால் மடங்கியபடி இறுகிவிடக்கூடாது. மூட்டுக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பது இதமாக இருக்கும். ஆனால் கூடவே கூடாது.

அஞ்ச வேண்டியது கிருமித்தொற்று. எஞ்சிய காலின் நுனியில் புண் இருந்தால், அது ஆறிய பிறகே அறுவை. மாற்று மூட்டில் கிருமி வேரூன்றினால் தொடைவரை காலை எடுக்க நேரலாம். சொந்த முழங்கால் போனபின் நடப்பது பன்மடங்கு சிரமம்.

செலவைப் பொறுத்தவரை, 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் மாற்று மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு விதித்தது. பரவலாகப் பொருத்தப்படும் கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு அப்போது வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. ராயபுரத்தார் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லி அரசு மருத்துவமனை வடசென்னையினருக்கு அருகிலேயே இருக்கிறது. மறுவாழ்வு மருத்துவத்துக்கென்றே உள்ள அரசு நிலையமோ நகரின் மறுபக்கம், கே.கே.நகரில். கால் ஊன்ற முடியாதவரை அங்குமிங்கும் அலையவிடாமல், அறுவைத் தேதி குறிக்கும்போதே சாக்கெட் செய்பவரையும் கலந்து பேசுவது மருத்துவர்களின் பொறுப்பு.